மீட்டர் ஓடுகிறது, கண்ட்ரோல் ரூமில் எண் சரியில்லை: ஃப்ளோ மீட்டர் சிக்னல் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

மலேசியாவின் பினாங்கில் பிறை, பட்டர்வொர்த், பாயான் லெப்பாஸ் பக்கத்து ஆலைகளில் ஃப்ளோ மீட்டர் (குழாயில் ஓட்டத்தை அளக்கும் கருவி) தப்பாகக் காட்டுகிறது என்று புகார் வந்தால், பலருக்கு முதலில் கை போவது ஃபிளேஞ்ச் போல்ட்டுக்குத்தான். குழாயைக் காலி செய்து, மீட்டரைக் கழற்றி, வேலைக்கூடத்தில் வைத்துச் சோதித்தால் அது ஒழுங்காக அளக்கிறது. திரும்ப மாட்டினால் அதே புகார். ஒரு ஷிப்ட் வீண், கேஸ்கட் வீண், நிறுத்திய உற்பத்தியும் வீண். ஓட்டத்தை அளப்பது ஒரு வேலை, அளந்ததைக் கம்பி வழியே சொல்வது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலையில் வரும் கோளாறுகளை, கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி எழுதுகிறேன்.

## ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன்

ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள். மீட்டரின் சொந்தத் திரை காட்டும் ஓட்டம் முதல் எண். கம்பியில் போகும் சிக்னல் இரண்டாவது. அது மில்லிஆம்பாக இருக்கலாம், ஹெர்ட்ஸாக (நொடிக்கு எத்தனை பல்ஸ், அதாவது துடிப்பு) இருக்கலாம். கண்ட்ரோல் ரூம் திரையில் உள்ளது மூன்றாவது. மூன்றையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். ஓட்டம் நொடிக்கு நொடி மாறும். காலையில் பார்த்த திரையையும் மதியம் அளந்த மில்லிஆம்பையும் வைத்துக் கணக்குப் போட்டால் இல்லாத கோளாறு ஒன்று கிடைக்கும். வாக்கி-டாக்கியில் ஒருவர் "இப்போ" என்று சொல்ல, மற்றவர் அந்த நொடியில் படித்துச் சொல்லட்டும்.

கணக்கு எளிதாக இருக்க, கடைசி வரை ஒரே மீட்டரை வைத்துக்கொள்வோம். ரேஞ்ச் மணிக்கு 0 முதல் 50 கனமீட்டர், அவுட்புட் 4 முதல் 20 மில்லிஆம்ப். அதில் 30 ஓடினால் அது 60 விழுக்காடு. 4-க்கும் 20-க்கும் நடுவே உள்ள 16-இல் 60 விழுக்காடு 9.6, அதோடு 4 சேர்த்தால் 13.6 மில்லிஆம்ப். கம்பியில் அதுதான் இருக்க வேண்டும்.

திரை 30, கம்பி 13.6 இல்லை என்றால் கோளாறு மீட்டரின் அவுட்புட் செட்டிங்கிலோ கம்பியிலோ இருக்கிறது. கம்பி 13.6, கண்ட்ரோல் ரூமில் 30 இல்லை என்றால் பிஎல்சி (ஆலையை இயக்கும் கணினி) கார்டிலோ, மில்லிஆம்பை ஓட்டமாக மாற்றும் ஸ்கேலிங்கிலோ இருக்கிறது. மூன்றும் ஒத்துப்போய், தொட்டியில் ஏறும் அளவு மட்டும் வேறாக இருந்தால்தான் மீட்டரின் அளவீட்டையே சந்தேகப்பட வேண்டும். அது தனிக் கதை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: மின்காந்த மீட்டருக்கு மின்சாரம் கடத்தும் திரவம் வேண்டும். செம்பனை எண்ணெய் கடத்தாது. பாயான் லெப்பாஸ் சிப் ஆலைகளில் ஓடும் அதிதூய நீரும் இந்த மீட்டருக்குப் போதாது; 25 டிகிரியில் அதன் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமென்ஸ்தான், சாதாரண மின்காந்த மீட்டர் கேட்பதோ 5 அளவில். அந்த இடத்தில் எந்த அவுட்புட்டை மாற்றியும் பயன் இல்லை.

அப்புறம் பாதுகாப்பு. மீட்டரிலிருந்து பிஎல்சிக்குப் போய்த் திரும்பும் சிக்னல் சுற்றான லூப்பைத் திறந்தால் பிஎல்சிக்கு ஓட்டம் 0 என்று தெரியும். கண்ட்ரோல் வால்வு முழுக்கத் திறந்துவிடலாம், பம்ப் டிரிப் ஆகலாம். பெர்மிட் எடுத்து, கண்ட்ரோல் ரூமில் சொல்லி, கண்ட்ரோலரை மேனுவலுக்கு மாற்றிய பிறகே கம்பியைத் தொடுங்கள். வெடிக்கும் வாயு இருக்கக்கூடிய பகுதியில் சாதாரண மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போகவே கூடாது.

## திரையில் ஓட்டம் இருக்கிறது, கம்பியில் 0 மில்லிஆம்ப்

முதலில் உங்கள் மல்டிமீட்டரைச் சந்தேகப்படுங்கள். மில்லிஆம்ப் பக்கத்து ஃபியூஸ் எரிந்திருந்தால் எந்த லூப்பில் வைத்தாலும் 0 தான் வரும். யாரோ ஒருவர் மில்லிஆம்ப் ரேஞ்சிலேயே வோல்டேஜ் பார்த்திருப்பார், ஃபியூஸ் போயிருக்கும், பெட்டியில் திரும்ப வைத்திருப்பார். லூப் கம்பியைத் திறக்காமலே அளக்கும் மில்லிஆம்ப் கிளாம்ப் கைவசம் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மல்டிமீட்டர் நன்றாக இருந்தால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த லூப்புக்கு மின்சாரம் கொடுப்பது யார்?

இரண்டு கம்பி மீட்டர் என்றால் அது லூப்பிலிருந்தே மின்சாரம் எடுத்து ஓடுகிறது. 24 வோல்ட்டை பிஎல்சி பக்கம்தான் கொடுக்க வேண்டும். நான்கு கம்பி மீட்டருக்குத் தனியாக 230 வோல்ட்டோ 24 வோல்ட்டோ போகும். அதன் அவுட்புட் ஆக்டிவ் ஆகவும் இருக்கலாம், பாசிவ் ஆகவும் இருக்கலாம். ஆக்டிவ் என்றால் மில்லிஆம்பை மீட்டரே தள்ளும். பாசிவ் என்றால் வெளியிலிருந்து 24 வோல்ட் வந்தால்தான் அது மில்லிஆம்பைக் கட்டுப்படுத்தும்.

மீட்டர் ஆக்டிவ், பிஎல்சி கார்டும் 24 வோல்ட் கொடுக்கிறது என்றால் இரண்டு சப்ளையும் முட்டிக்கொள்ளும். சில சமயம் 0, சில சமயம் அர்த்தமில்லாத எண், சில சமயம் கார்டு எரியும். மீட்டர் பாசிவ், கார்டும் பாசிவ் என்றால் தள்ள ஆளே இல்லை; கண்டிப்பாக 0. பழைய இரண்டு கம்பி மீட்டரை எடுத்துவிட்டு புதிய நான்கு கம்பி மீட்டரை அதே டெர்மினலில் மாட்டும்போது இந்தச் சிக்கல் தவறாமல் வரும். பல மின்காந்த, கோரியோலிஸ் மீட்டர்களில் ஆக்டிவுக்கும் பாசிவுக்கும் வெவ்வேறு டெர்மினல் இருக்கும்; சிலவற்றில் உள்ளே ஜம்பர் இருக்கும்; சிலவற்றை ஆர்டர் செய்யும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் வயரிங் படத்தைப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் பொது மேனுவலை விட உங்கள் மீட்டரோடு வந்த அந்தப் படம் நம்பகமானது.

கம்பியைக் கழற்றி வோல்ட் மீட்டர் வைத்தாலே பாதி தெரிந்துவிடும். பிஎல்சியிலிருந்து வரும் கம்பியில் 24 வோல்ட் அளவில் இருந்தால் பிஎல்சி சப்ளை கொடுக்கிறது. மீட்டர் டெர்மினலில், கம்பி இல்லாமலே வோல்டேஜ் இருந்தால் மீட்டர் கொடுக்கிறது. இரண்டிலும் இருந்தால் முட்டல், இரண்டிலும் இல்லை என்றால் பட்டினி.

## கம்பியில் ஒரே எண் நின்றுவிட்டது

எந்த எண் என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

3.6 அல்லது அதற்குக் கீழே, இல்லை 21 அல்லது அதற்கு மேலே நின்றால் மீட்டர் வேண்டுமென்றே சொல்கிறது, "எனக்குக் கோளாறு" என்று. நாமூர் என்ற தொழில்துறை அமைப்பின் என்இ 43 பரிந்துரை அப்படித்தான்: அளவீடு 3.8 முதல் 20.5 வரை, கோளாறு அதற்கு வெளியே. மீட்டரின் மெனுவில் அலாரம் செய்தியைப் படியுங்கள்; காலிக் குழாய், சென்சார் கேபிள் துண்டிப்பு என்று அதுவே சொல்லும். கம்பியைக் குடைய வேண்டாம்.

20.5-இல் நின்றால் ஓட்டம் ரேஞ்சைத் தாண்டிவிட்டது. ரேஞ்சை உயர்த்துங்கள், ஆனால் பிஎல்சியிலும் சேர்த்து.

3.8-இல் நின்றால் மீட்டர் எதிர்த்திசை ஓட்டம் பார்க்கிறது. மீட்டர் உடம்பில் உள்ள அம்புக்குறி ஓட்டத்துக்கு எதிராக இருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழாக மாட்டியிருந்தால் பெரும்பாலான மின்காந்த மீட்டர்களில் மெனுவிலேயே திசையை மாற்றலாம்.

சரியாக 4.00-இல் நின்று, திரையில் மட்டும் ஓட்டம் மாறிக்கொண்டிருந்தால் ஹார்ட் (மில்லிஆம்ப் கம்பியிலேயே தகவலும் அனுப்பும் முறை) முகவரியைப் பாருங்கள். பழைய ஹார்ட் 5 கருவிகளில் முகவரி 0 இல்லாமல் வேறு எண் வைத்தால் கருவி, பல கருவிகள் ஒரே கம்பியைப் பகிரும் மல்டிடிராப் நிலைக்குப் போய், மில்லிஆம்பை 4-இலேயே பூட்டிவிடும். புதியவற்றில் லூப் கரண்ட் மோட் என்று தனி செட்டிங் இருக்கும். அது ஆஃப் என்றாலும் இதே கதைதான். தேடுகிறவர் கம்பியையே பார்த்துக்கொண்டிருப்பார். கம்பியில் ஒரு குறையும் இருக்காது.

12.00, 16.00 என்று முழு எண்ணில் நின்றால், யாரோ சிமுலேஷன் (சோதனைக்காக மீட்டரை ஒரு போலி எண் தள்ள வைப்பது) போட்டுவிட்டு எடுக்க மறந்திருக்கிறார்கள்.

இதில் எதுவும் இல்லை. குறைந்த ஓட்டத்தில் எல்லாம் சரி, ஓட்டம் ஏற ஏற ஓரிடத்தில் முட்டி நிற்கிறது. இந்த அறிகுறியை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், லூப்பில் வோல்டேஜ் போதவில்லை என்று அர்த்தம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிஎல்சி கார்டில் 250 ஓம், வெடிப்பு அபாயப் பகுதிக்காகப் போடும் பேரியரில் 300 ஓம், கேபிளில் போக வர 18 ஓம். மொத்தம் 568. மீட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும். 24 வோல்ட் சப்ளை பல கருவிகளைச் சுமந்து 22-க்கு இறங்கியிருக்கிறது. மிச்சம் 10 வோல்ட். 10-ஐ 568-ஆல் வகுத்தால் 17.6 மில்லிஆம்ப். அதற்கு மேல் லூப் போகவே போகாது. நம் மீட்டரில் அது 42.5 கனமீட்டர். பம்ப் 48 தள்ளினாலும் கண்ட்ரோல் ரூமில் 42.5 தான். ஓட்டம் நன்றாக ஏறியிருக்கும்போது மீட்டர் டெர்மினலிலேயே வோல்டேஜை அளந்தால் உண்மை வெளிவரும்.

## எண் வருகிறது, ஆனால் ஒரே மாதிரித் தப்பாக வருகிறது

ஒழுங்கான தப்பு நல்ல செய்தி. ஒழுங்கான தப்புக்குப் பின்னால் ஒரு செட்டிங் இருக்கும்.

ஓட்டம் 0 ஆக இருக்கும்போதும் சரி, நிறைய ஓடும்போதும் சரி, இரண்டு இடத்தில் மூன்று எண்களையும் எடுங்கள். ஓட்டத்தை மாற்ற முடியாவிட்டால் மீட்டரின் சிமுலேஷன் மெனுவில் 4, 8, 12, 16, 20 என்று தள்ளுங்கள்.

0-இல் 0 காட்டி, 30-க்கு 36 காட்டினால் மீட்டரில் 50, பிஎல்சியில் 60 என்று ரேஞ்ச் வேறுபடுகிறது.

0-இல் 10 காட்டி, 30-க்கு 34 காட்டி, 50-இல் மட்டும் சரியாக வந்தால் கார்டு 0–20 என்று செட் ஆகியிருக்கிறது. 4 மில்லிஆம்பை அது 20 விழுக்காடு என்று படிக்கிறது. முழு ஓட்டத்தில் மட்டும் சோதித்துவிட்டுப் போனவர் இதைப் பிடித்திருக்க மாட்டார். நேர்மாறாக மீட்டர் 0–20, கார்டு 4–20 என்றால் 30-க்கு 25 வரும், ஓட்டம் நின்றால் கம்பி அறுந்தது என்று அலாரம் அடிக்கும்.

ஆரிஃபிஸ் பிளேட்டும் (குழாயின் குறுக்கே வைக்கும் துளைத் தகடு) அதன் இரு பக்க அழுத்த வேறுபாட்டை அளக்கும் டிபி டிரான்ஸ்மிட்டரும் வைத்திருக்கும் பழைய நீராவி லைன்களில் வர்க்கமூலம்தான் வில்லன். அழுத்த வேறுபாடு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது, அதனால் எங்கோ ஓரிடத்தில் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரிலும் எடுக்கவில்லை, பிஎல்சியிலும் எடுக்கவில்லை என்றால் உண்மையான 30-க்கு 18 காட்டும். இரண்டிலும் எடுத்தால் 38.7. இரண்டு தப்பிலும் 0 சரியாக இருக்கும், 50 சரியாக இருக்கும், நடுவில்தான் வளையும். ஆகவே நடுவில் சோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சீமென்ஸ் பிஎல்சி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி: ஸ்கேலிங் செய்வதற்கு முந்தைய மூல எண்ணைப் பாருங்கள். 4–20 கார்டில் 4 மில்லிஆம்புக்கு 0, 20-க்கு 27648. நம் 13.6-க்கு 16589 அளவில் வர வேண்டும். அது சரியாக இருந்தால் கார்டையும் கம்பியையும் விட்டுவிட்டு புரோகிராமைப் பாருங்கள்.

## ஓட்டம் நின்ற பிறகும் கொஞ்சம் காட்டிக்கொண்டே இருக்கிறது

இந்த அறிகுறி நம் ஊர் வானிலையின் குழந்தை. பிறையில் ஒரு செம்பனை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பார்த்ததைச் சொல்கிறேன். பம்ப் நின்றிருக்கிறது, மீட்டர் திரையில் 0.00. மீட்டர் டெர்மினலில் அளந்தால் 4.00. பிஎல்சி கேபினெட்டில் அதே லூப்பை அளந்தால் 4.31. ஒரே லூப்பில் இரண்டு கரண்ட் என்றால் நடுவில் எங்கோ வேறு வழி திறந்திருக்கிறது.

நடுவில் இருந்தது சுவருக்கு வெளியே ஒரு ஜங்ஷன் பாக்ஸ். கேபிள் மேலேயிருந்து உள்ளே இறங்குகிறது. கிளாண்டின் ரப்பர் வெயிலில் சுருங்கி, கேபிளைச் சுற்றி நகம் நுழையும் அளவு இடைவெளி. மூடியைத் திறந்தால் உள்பக்கம் முழுக்க வியர்வை போல நீர்த்துளி. பிளஸ் டெர்மினலுக்கும் மைனஸ் டெர்மினலுக்கும் நடுவே பச்சைப் பூஞ்சணம் மாதிரிச் செம்புக் களிம்பு பாலம் போட்டிருந்தது. அந்தப் பாலத்தின் வழியே 0.31 மில்லிஆம்ப் ஒழுகி, மீட்டருக்கு இணையாகப் போய், பிஎல்சியில் சேர்ந்துகொண்டிருந்தது. இரண்டு கம்பி லூப்பில் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே வரும் ஈரம் எண்ணைக் கூட்டத்தான் செய்யும்.

0.31 சின்ன எண்ணாகத் தெரியலாம். 50 கனமீட்டர் ரேஞ்சில் அது மணிக்கு ஒரு கனமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பிஎல்சி அதைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு நாளில் 23 கனமீட்டர், ஒரு சொட்டும் ஓடாமலே கணக்கில் ஏறும். மொத்தத்தை எண்ணும் மீட்டரின் சொந்த டோட்டலைசருக்கும் கண்ட்ரோல் ரூம் மொத்தத்துக்கும் மாதக் கடைசியில் சண்டை வருவது இப்படித்தான். சிக்னலைக் கூட்டி மொத்தம் எடுக்காதீர்கள். மொத்தம் வேண்டும் என்றால் பல்ஸ் எடுங்கள், அல்லது மீட்டரின் டோட்டலைசரை மோட்பஸ் என்ற டிஜிட்டல் இணைப்பு வழியே படியுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

செய்ய வேண்டியது: டெர்மினலை மாற்றுங்கள், துடைத்தால் மட்டும் போதாது. கேபிளைக் கீழேயிருந்து நுழைய விடுங்கள். முடியாவிட்டால் பாக்ஸுக்கு முன்னால் கேபிளைத் தொங்கலாக வளைத்துவிட்டால் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கிளாண்ட் அளவு கேபிள் விட்டத்துக்குப் பொருந்த வேண்டும்.

இரு முனையிலும் 4.00 இருந்து, திரையிலேயே 0.2, 0.3 என்று ஓடினால் அது சிக்னல் கோளாறு இல்லை. வால்வு ஒழுகுகிறது, அல்லது சின்ன ஓட்டத்தை 0 ஆக்கும் லோ ஃப்ளோ கட்-ஆஃப் மிகக் கீழே இருக்கிறது.

## எண் துள்ளுகிறது

மீட்டர் திரையும் சேர்ந்து துள்ளினால் குழாயில் காற்றுக் குமிழி, அருகில் பம்ப், தரையிணைப்பு இல்லாத மின்காந்த மீட்டர் என்று போகும். எண்ணைச் சராசரியாக்கும் டாம்பிங்கைக் கூட்டினால் திரை அமைதியாகும், காரணம் அப்படியே இருக்கும்.

திரை அமைதி, பிஎல்சி மட்டும் துள்ளுகிறது என்றால் கேபிள் போகும் பாதையைக் காலால் நடந்து பாருங்கள். மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரின் பவர் கேபிளோடு ஒரே ட்ரேயில் படுத்திருக்கிறதா? ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்திருக்கிறார்களா? 4–20 கேபிளின் ஷீல்டைக் கேபினெட் பக்கம் மட்டும் எர்த் செய்து, மீட்டர் பக்கம் வெட்டி டேப் சுற்றுவது வழக்கம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே போகும் சிக்னல் என்றால் எர்த் வேறுபாடு நிச்சயம் இருக்கும். இரு பக்கத்தையும் மின்தொடர்பில்லாமல் பிரிக்கும் ஒரு ஐசோலேட்டர் போடுங்கள், பேச்சு முடிந்தது.

## பல்ஸ் எண்ணவில்லை

இரவு ஷிப்ட்டில் வரும் போன் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணே, மீட்டர்ல பல்ஸ் எல்ஈடி மின்னுது. பிஎல்சி எண்ண மாட்டேங்குது."

"தம்பி, பிஎல்சி இன்புட்ல வோல்ட் எவ்வளவு ஏறுது, எவ்வளவு இறங்குது?"

"ஒம்போது வோல்ட் வரைக்கும் ஏறுது. இறங்கினா ஜீரோ."

இதிலேயே விடை இருக்கிறது. மீட்டரின் பல்ஸ் அவுட்புட் பெரும்பாலும் என்பிஎன் ஓபன் கலெக்டர். அது வோல்டேஜ் கொடுக்காது. கம்பியைத் தரைக்கு இழுக்கும், விடும், அவ்வளவுதான். விடும்போது கம்பியை மேலே தூக்க 24 வோல்ட்டிலிருந்து ஒரு புல்-அப் ரெசிஸ்டர் வேண்டும். இங்கே யாரோ 10 கிலோஓம் போட்டிருக்கிறார்கள். பிஎல்சி இன்புட்டின் சொந்த எதிர்ப்பு 6 கிலோஓம் அளவு. 24 வோல்ட் இந்த இரண்டுக்கும் நடுவே பிரிந்து இன்புட்டுக்கு 9 தான் கிடைக்கிறது. டைப் 1 இன்புட் 15 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் 'ஆன்' என்று உறுதியாக ஒப்புக்கொள்ளும்.

10 கிலோஓமை எடுத்து 2.2 கிலோஓம் போட்டால் 17.6 வோல்ட் கிடைக்கும், எண்ண ஆரம்பிக்கும். அரை வாட் ரெசிஸ்டராகப் போடுங்கள். டிரான்சிஸ்டர் இழுக்கும் நேரத்தில் அதில் 0.26 வாட் சூடு, கால் வாட் ரெசிஸ்டர் தாங்காது. மீட்டரின் டிரான்சிஸ்டர் 11 மில்லிஆம்ப் தாங்குமா என்பதையும் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## பல்ஸ் எண்ணுகிறது, மொத்தம் குறைகிறது

குறைந்த ஓட்டத்தில் சரி, அதிக ஓட்டத்தில் குறைகிறது என்றால் பிஎல்சியால் ஓட்டத்தின் வேகத்துக்கு எண்ண முடியவில்லை. சீமென்ஸ் எஸ்7-1200-இல் டிஜிட்டல் இன்புட்டின் ஃபில்டர் (குறுகிய துடிப்புகளை ஒதுக்கும் செட்டிங்) வாங்கும்போதே 6.4 மில்லிவினாடியாக இருக்கும். ஆன் 6.4, ஆஃப் 6.4 என்று கணக்கிட்டால் நொடிக்கு 78 பல்ஸ்தான் உள்ளே போகும். லிட்டருக்கு 10 பல்ஸ் என்று வைத்த நம் மீட்டர், மணிக்கு 30 கனமீட்டரில் நொடிக்கு 83 தள்ளுகிறது. ஹை ஸ்பீடு கவுண்டர் போட்டும் எண்ணவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இந்த ஃபில்டரைக் குறைக்க மறந்தவர்கள்தான். சாதாரண லேடர் புரோகிராமில் எண்ணினால் ஸ்கேன் நேரமும் இதே போலத் தடுக்கும்.

மீட்டர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. பல்ஸ் அகலம் 100 மில்லிவினாடி என்றால் நொடிக்கு 5 பல்ஸ்தான் சாத்தியம். லிட்டருக்கு ஒரு பல்ஸ் என்றால் மணிக்கு 18 கனமீட்டர் வரைதான். அதற்கு மேல் ஓடினால் சில மீட்டர்கள் அலாரம் கொடுக்கும், சில மிச்சத்தைச் சேர்த்து வைத்துப் பிறகு தள்ளும். அகலத்தைக் குறையுங்கள், அல்லது பல்ஸுக்கு 10 லிட்டர் என்று மாற்றுங்கள்.

எல்லா ஓட்டத்திலும் ஒரே விழுக்காடு குறைந்தால் கே-ஃபேக்டரை (லிட்டருக்கு எத்தனை பல்ஸ் என்ற எண்) பாருங்கள். லோரியில் ஏற்றி விற்கும் எண்ணெய்க்கான மீட்டர் என்றால் அதில் முத்திரை இருக்கும். மலேசியாவில் வியாபார அளவைகள் 1972-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்துக்குள் வருகின்றன. முத்திரையை உடைத்து கே-ஃபேக்டரைத் தொடாதீர்கள்; எண்ணும் பக்கத்தை மட்டும் சரிபாருங்கள்.

## பல்ஸ் அதிகமாக எண்ணுகிறது

சரியாக இரண்டு மடங்கு என்றால் பல்ஸின் ஏற்றம், இறக்கம் இரண்டையும் எண்ணுகிறீர்கள். இரண்டு மடங்குக்கு அருகில், ஆனால் ஒழுங்கில்லாமல் என்றால், காந்தம் கடக்கும்போது மூடும் ரீட் சுவிட்ச் துள்ளுகிறது. இங்கே ஃபில்டரைக் கூட்ட வேண்டும்.

ஓட்டமே இல்லாமல் எண்ணினால் ஒரு நிமிடம் எண்ண விடுங்கள். 3000 அளவில் வந்தால் அது நொடிக்கு 50, மின்சார சப்ளையின் 50 ஹெர்ட்ஸ். பவர் கேபிள் பக்கத்தில் போகிறது, அல்லது புல்-அப் இல்லாமல் இன்புட் அந்தரத்தில் தொங்குகிறது. 3000-க்குச் சம்பந்தமில்லாமல் அவ்வப்போது எண்ணினால், ஓவல் கியர் மீட்டர்களில் பம்ப் நின்றபின் எண்ணெய் முன்னும் பின்னும் ஆடுவதைச் சந்தேகப்படுங்கள். கியரில் உள்ள காந்தம் சென்சாரை முன்னே பின்னே கடந்துகொண்டே இருக்கும். நான்-ரிட்டர்ன் வால்வு அல்லது திசை தெரியும் இரட்டைப் பல்ஸ் அவுட்புட் இதற்கு மருந்து.

## ஹார்ட் கம்யூனிகேட்டர் பேச மறுக்கிறது

மில்லிஆம்ப் சரியாக இருந்தும் ஹார்ட் பேசவில்லை என்றால் பெரும்பாலும் லூப்பில் 250 ஓம் இல்லை. ஹார்ட் என்பது 4–20-க்கு மேலே 1200, 2200 ஹெர்ட்ஸில் ஏறிப்போகும் சின்ன அலை. எதிர்ப்பு இல்லாவிட்டால் பவர் சப்ளை அதை விழுங்கிவிடும். ஒரு 250 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, கம்யூனிகேட்டரை மீட்டர் டெர்மினலிலோ ரெசிஸ்டரின் இரு முனையிலோ வையுங்கள். சப்ளையின் குறுக்கே வைத்தால் பேசாது. ரெசிஸ்டர் சேர்த்தால் 20 மில்லிஆம்பில் 5 வோல்ட் போகும் என்பதை மேலே போட்ட வோல்டேஜ் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## மோட்பஸில் பதில் இல்லை, அல்லது பதில் பைத்தியமாக இருக்கிறது

பதிலே இல்லை என்றால்: ஸ்லேவ் முகவரி (மீட்டரின் எண்), பாட் ரேட் (வேகம்), பாரிட்டி (பிழை காணும் செட்டிங்). மூன்றும் சரி என்றால் ஏ, பி கம்பிகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எல்லாத் தயாரிப்பாளர்களும் ஏ, பி என்று ஒரே கம்பியைச் சொல்வதில்லை. மாற்றிப் போடுவதால் எதுவும் எரியாது. அப்புறம் மின்சாரத்தை நிறுத்தி ஏ-பிக்கு நடுவே ஓம் அளந்து பாருங்கள். 60 அளவில் இருந்தால் இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் இருக்கிறது. 120 என்றால் ஒன்று இல்லை, 40 என்றால் மூன்றாவது ஒன்று எங்கோ ஆன் ஆகியிருக்கிறது. கேபிள் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாகப் போக வேண்டும். நட்சத்திரமாகக் கிளை பிரிந்தால் ஒரு நாள் வேலை செய்யும், இன்னொரு நாள் செய்யாது.

பிழைக்குறி 02 திரும்பி வந்தால் சந்தோஷப்படுங்கள், கம்பி முழுக்க நன்றாக இருக்கிறது. நீங்கள் கேட்ட ரெஜிஸ்டர் (எண் இருக்கும் இடம்) அங்கே இல்லை. மேனுவலில் 40001 என்று இருந்தால் கம்பியில் போவது 0. ஒன்றைக் கழித்துக் கேளுங்கள்.

பதில் வருகிறது, எண் பைத்தியமாக இருக்கிறது என்றால், ஒரு தசம எண்ணைப் பாதி பாதியாக வைத்திருக்கும் இரண்டு ரெஜிஸ்டரும் இடம் மாறியிருக்கின்றன. ஓட்டம் சரியாக 30 என்றால் இரண்டு ரெஜிஸ்டரில் 16880, 0 என்று வரும். முன்பின் மாறினால் திரையில் 0 போலத் தெரியும். ஓட்டம் 30.1 ஆனதும் திரை திடீரென்று மைனஸ் பத்துக் கோடிக்கு மேல் காட்டும். 0-க்கும் கோடிக்கும் நடுவே தாவும் மோட்பஸ் எண்ணைப் பார்த்தால் வேர்டு ஸ்வாப் டிக் பெட்டியைத் தேடுங்கள், கம்பியைத் தொட வேண்டாம்.

## இடி இறங்கியதிலிருந்து சிக்னல் இல்லை

மீட்டர் திரை உயிரோடு இருக்கிறது, அவுட்புட் மட்டும் செத்திருக்கிறது என்றால் சிக்னல் கம்பிகளை மீட்டரிலிருந்து கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ஆக்டிவ் அவுட்புட் என்றால் மல்டிமீட்டரை மில்லிஆம்பில் வைத்து நேராக இரண்டு டெர்மினலிலும் பிடியுங்கள். சிமுலேஷனில் 12 போட்டால் 12 வர வேண்டும். பாசிவ் அல்லது இரண்டு கம்பி என்றால் ஒரு 24 வோல்ட் சப்ளை, 250 ஓம் ரெசிஸ்டர், மல்டிமீட்டர் மூன்றையும் மீட்டரோடு தொடரில் கட்டுங்கள். அங்கே சரியாக வந்தால் மீட்டர் தப்பித்தது. அடுத்த சந்தேகம், இடியின் அதிக வோல்டேஜைத் தரைக்குத் தள்ளும் சர்ஜ் அரெஸ்டர் மேல். அடி வாங்கிய அரெஸ்டர் சில சமயம் கம்பியை அறுத்துவிடும், சில சமயம் தரைக்கு ஒழுக விடும். அதைத் தாண்டி நேராக இணைத்து ஒருமுறை பாருங்கள். சிக்னல் திரும்பி வந்தால் அரெஸ்டரை மாற்றுங்கள். நேராக இணைத்த கம்பியை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். தனியாகச் சோதித்தும் மீட்டரிலிருந்து சிக்னல் வரவில்லை என்றால் அவுட்புட் போர்டு போய்விட்டது. பல மாடல்களில் அந்தப் போர்டு தனியாகக் கிடைக்கும், குழாயில் இருக்கும் சென்சாரைத் தொட வேண்டியதில்லை. புதிய போர்டைப் போட்டதும் ஆக்டிவ் பாசிவ் ஜம்பர், ரேஞ்ச், பல்ஸ் அகலம், கே-ஃபேக்டர் எல்லாம் பழையபடி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, 4, 12, 20 மூன்றையும் தள்ளி, கண்ட்ரோல் ரூமில் 0, 25, 50 என்று வருவதைக் கேட்டு எழுதிக்கொண்டு பெர்மிட்டை மூடுங்கள்.